தனக்காகத் தானே பேசக் கற்பது: மாற்றுத்திறனாளிகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், பார்வை அல்லது செவித்திறன் குறைபாடு என்று நிலைகள் பலவாக இருந்தாலும், கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. சிலவற்றுக்கு நீண்ட பதில் தேவைப்படுகிறது, சிலவற்றுக்கு நான்கு வரி போதும். வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்கு உறுத்தும் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

தனக்காகத் தானே பேசுவது என்றால் என்ன? கூச்சமில்லாமல் பேசுவதா?

கூச்சம் போவது அதில் ஒரு சின்னப் பகுதி. டேவிட் டெஸ்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இத்துறையில் அதுவரை எழுதப்பட்டதையெல்லாம் அலசி, 2005-இல் இதை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள்: தன்னை அறிந்திருப்பது, தன் உரிமைகளை அறிந்திருப்பது, அவற்றைப் பிறருக்குப் புரியவைப்பது, தன்னைப் போன்ற மற்றவர்களுக்காகவும் முன்னால் நிற்பது. நான்காவது எல்லோருக்கும் கட்டாயமில்லை. முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது வராது.

ஆனால் பெரும்பாலான பயிற்சி வகுப்புகள் மூன்றாவதில்தான் ஆரம்பிக்கின்றன. நிமிர்ந்து நில், சத்தமாகப் பேசு, கண்ணைப் பார். தனக்கு எது கடினம், எது இருந்தால் எளிதாகும் என்றே தெரியாத ஒருவர் நிமிர்ந்து நின்று எதைக் கேட்பார்? (கண்ணைப் பார்க்கச் சொன்னால் ஆட்டிசம் உள்ள பலருக்குச் சொல்ல வந்ததே மறந்துவிடும். அந்த விதியை விட்டுவிடுவது நல்லது.)

எந்த வயதில் தொடங்கலாம்?

குழந்தை எதையாவது தள்ளிவிடத் தொடங்கும் வயதில். இரண்டு சட்டைகளைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்வது, படிக்கப் போகும் கதையை அதுவே எடுக்க விடுவது, தூக்குவதற்கு முன்பு ‘தூக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டு ஒரு கணம் காத்திருப்பது, இவையே முதல் பாடங்கள். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கும் உண்டு என்கிறது. அதற்குத் தேவையான உதவியையும் தர வேண்டும் என்கிறது. பதினெட்டு வயதுவரை எல்லாவற்றையும் நாம் முடிவு செய்துவிட்டு, பிறந்தநாளுக்கு மறுநாள் ‘உனக்கு என்ன வேண்டும், சொல்’ என்றால் அவர்கள் திகைத்துத்தான் நிற்பார்கள்.

நாற்பது வயதில் தொடங்கியவர்களும் கற்றிருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது, அவ்வளவுதான்: பிறர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிப் பழகிய பழக்கத்தை விடுவது.

என் மகனுக்குப் பேச்சே வராது. அவன் எப்படித் தனக்காகப் பேசுவான்?

அவன் ஏற்கனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறான். முகத்தைத் திருப்புவது, வாயை இறுக்க மூடுவது, ஓர் அறைக்குள் வர மறுத்து வாசலில் உட்கார்ந்துவிடுவது எல்லாம் ‘வேண்டாம்’தான். அதை நாம் அடம் என்று பெயரிட்டுவிடுகிறோம். முதல் வேலை, அந்த ‘வேண்டாம்’ நமக்குப் புரிந்தது என்று அவனுக்குத் தெரியவைப்பது. ‘உனக்கு இது பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன்’ என்று சொல்லி, உண்மையிலேயே நிறுத்த வேண்டும். தன் அசைவால் ஏதோ ஒன்று மாறுகிறது என்று கண்டுகொண்டவன்தான் அடுத்த அசைவுக்கு முயல்வான்.

அடுத்தது கருவி. படப் பலகை, எழுத்துப் பலகை, தொட்டால் பேசும் டேப்லெட், கண் அசைவால் இயங்கும் கணினி, சைகை மொழி என எது அவன் உடலுக்கு ஒத்துவருகிறதோ அது. ஐ.நா. உடன்படிக்கை ‘தகவல் தொடர்பு’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் சைகை மொழி, பிரெயில், தொட்டுணரும் முறைகள், எளிய நடை, பேச்சுக்கு மாற்றான கருவிகள் எல்லாமே அடங்குகின்றன. வாயால் பேசுவது அதில் ஒரு வகை மட்டுமே. ‘டேப்லெட் கொடுத்தால் வர வேண்டிய பேச்சும் வராமல் போய்விடுமே’ என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. சிலருக்குப் பேச்சு சற்றுக் கூடியே இருக்கிறது.

பலகையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நான் பார்க்கும் பலகைகளில் பெரும்பாலும் பொருள்களின் படங்களே நிறைந்திருக்கும்: தண்ணீர், பந்து, கழிப்பறை, அம்மா. கேட்டு வாங்க வழி இருக்கிறது, மறுக்க வழியில்லை. ‘நிறுத்து’, ‘வலிக்கிறது’, ‘நான் அதைச் சொல்லவில்லை’, ‘வேறு ஏதோ’, ‘கோபமாக இருக்கிறேன்’, ‘எனக்குத் தனிமை வேண்டும்’ ஆகியவை இல்லாத பலகையை வைத்துக்கொண்டு யாரும் தனக்காகப் பேச முடியாது. அந்தப் பலகையை எட்டாத அலமாரியில் வைப்பதும், தண்டனையாகப் பிடுங்கி வைப்பதும் அவன் வாயைக் கட்டுவதற்குச் சமம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டோ முழங்கையைத் தாங்கிக்கொண்டோ எழுத்துகளைத் தொட வைக்கும் முறை ஒன்று 1990-களில் வேகமாகப் பரவியது. சோதித்துப் பார்த்தபோது, எழுதப்பட்டவை கையைப் பிடித்திருந்தவரின் எண்ணங்கள் என்று தெரிந்தது, அவரே அதை உணராமல் இருந்தாலும் கூட. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் அந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2018-இல் மீண்டும் திட்டவட்டமாகச் சொன்னது. ஒரு முறை உங்கள் மகனின் குரல்தானா என்று அறிய எளிய வழி இருக்கிறது: உதவுபவருக்குத் தெரியாத, மகனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். பதில் வருகிறதா என்று பாருங்கள்.

என் மகள் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்கிறாள். அவளுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

கேரல் சிகல்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1981-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஒரு கேள்வியையும், பின்னர் அதற்கு நேர் எதிரான கேள்வியையும் கேட்டார்கள். பலர் இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றார்கள். அதாவது ஆம்-இல்லை கேள்வியை வைத்து மட்டும் அவர்கள் விருப்பத்தை அறிந்துவிட்டோம் என்று நினைப்பது ஆபத்து. புரியாததும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம்மிடம் இருக்கிறது. சொன்னபடி செய்தால் ‘நல்ல பெண்’, மறுத்தால் முகச்சுளிப்பு என்று ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவர்கள் நாம்தான். அவள் அதை நன்றாகவே படித்திருக்கிறாள்.

‘இதுவா, அதுவா?’ என்று கேட்பது ஓரளவு மேல். அதிலும் ஒரு சிக்கல்: சிலர் கடைசியாகக் கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். ஆகவே கேள்வியின் வரிசையை மாற்றி இன்னொரு முறை கேளுங்கள். முடிந்தால் பொருளையோ படத்தையோ முன்னால் வையுங்கள். ‘இரண்டும் வேண்டாம்’, ‘தெரியாது’, ‘அப்புறம் சொல்கிறேன்’ ஆகியவையும் பதில்கள்தான் என்று நீங்களே சொல்லிக்காட்டுங்கள். முக்கியமான விஷயம் என்றால் வேறொரு நாள், வேறொருவர் கேட்கட்டும். பதில் மாறினால் அவளைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். கேள்வியை மாற்றிப் பாருங்கள்.

மறுப்பதற்குத் தனியாகப் பயிற்சியும் வேண்டும். வேண்டுமென்றே தவறாகச் சொல்லி அவளைத் திருத்த விடுவது நல்ல விளையாட்டு: அவள் செருப்பை உங்கள் கையில் மாட்டிக்கொண்டு ‘இது என்னுடையதுதானே?’ என்று கேளுங்கள். முதல் ‘இல்லை’ சிரிப்போடு வரும். சிரிப்பில்லாத ‘இல்லை’ சில மாதங்கள் கழித்து, அநேகமாக உங்களுக்கு மிகவும் அவசரமான ஒரு காலையில் வரும். அன்று அதை மதித்தீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மதிக்க முடியாத இடங்களும் உண்டு. ஊசி போட்டே ஆக வேண்டும் என்றால் ‘ஊசி போடலாமா?’ என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டு மீறினால், கேள்வி என்பது வெறும் பேச்சுக்கு என்று அவள் கற்றுக்கொள்வாள். ‘இப்போது ஊசி போடப் போகிறார்கள். எந்தக் கையில் போடலாம்?’ என்று கேளுங்கள். அந்தத் தேர்வு உண்மையானது.

இதற்குப் பின்னால் பாதுகாப்பும் இருக்கிறது. எப்போதும் இணங்கப் பழகியவரிடம் தவறாக நடக்க நினைப்பவருக்கு வேலை எளிது. உடல் உறுப்புகளின் பெயர்கள், யார் எதற்காகத் தொடலாம், ‘வேண்டாம்’ என்ற பிறகும் ஒருவர் தொடர்ந்தால் யாரிடம் சொல்வது, இவற்றை அவளுக்குப் புரியும் வடிவத்தில் சொல்லிக்கொடுக்காமல் ‘பெரியவர்கள் பேச்சைக் கேள்’ என்று மட்டும் சொல்லி வளர்ப்பது சரியல்ல.

மகனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) என்று சொல்லிவிட்டார்கள். அதை அவனிடம் சொல்லலாமா? மனம் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவன் ஒரு பக்கத்தை முடிக்கும்போது தான் மூன்றாவது வரியில் நிற்பது அவனுக்குத் தெரியாதா? அதற்குச் சரியான பெயர் கிடைக்காததால் ‘மக்கு’, ‘சோம்பேறி’ என்று கையில் கிடைத்த பெயர்களைத் தானே ஒட்டிக்கொண்டிருப்பான்.

எப்படிச் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். ‘எழுத்தைப் பார்த்து அதன் ஒலியைப் பிடிப்பதற்கு உன் மூளை மற்றவர்களைவிட அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் வாசிப்பு மெதுவாக வருகிறது, சீக்கிரம் களைப்பாகிறது. யோசிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்கென்று சொல்லித்தரும் முறைகள் இருக்கின்றன.’ இந்த அளவு போதும். உடனே மேதைகளின் பட்டியலை எடுத்து வைக்காதீர்கள். ஐன்ஸ்டைனுக்கு டிஸ்லெக்சியா என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள், அதற்கு நம்பகமான சான்று கிடையாது. அது இருக்கட்டும், தானும் ஐன்ஸ்டைன் ஆக வேண்டும் என்ற புதுச் சுமை அவனுக்கு எதற்கு?

பிறகு அவனைக் கொண்டே கண்டுபிடிக்கச் செய்யுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பாடங்கள். ஒன்றை அவனே வாசிக்கட்டும், மற்றதை ஒலிப்பதிவாகக் கேட்கட்டும். எதில் அதிகம் நினைவிருக்கிறது? வரிகளுக்கிடையே இடம் விட்டு அச்சிட்டால் எப்படி இருக்கிறது? எவ்வளவு நேரம் கூடுதலாகக் கிடைத்தால் பதற்றமில்லாமல் முடிக்கிறான்? முடிவுகளை ஒரே தாளில் அவன் சொற்களில் எழுதி வையுங்கள்: எனக்கு எளிதாக வருவது, கடினமாக இருப்பது, உதவுவது, உதவாதது. பிறகு ஓர் ஆசிரியரிடம் பேசப் போகும்போது அந்தத் தாள்தான் அவன் கையில் இருக்கும். மதிப்பீட்டு அறிக்கையையும் என்றாவது அவனோடு சேர்ந்து படியுங்கள். அது அவனைப் பற்றியது, நம் பீரோவில் பூட்டி வைக்கும் ரகசியம் அல்ல.

நான் வேலைக்குப் போகிறேன். எனக்கு ஒரு வசதி வேண்டும் என்று மேலதிகாரியிடம் எப்படிக் கேட்பது?

எவ்வளவு குறிப்பாகக் கேட்கிறீர்களோ அவ்வளவு எளிதாகக் கிடைக்கும். ‘எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் அவர் அனுதாபத்தோடு தலையாட்டுவார், எதுவும் மாறாது. இதைப் பாருங்கள்: ‘மூன்று வேலைகளை வாயால் சொல்லும்போது நடுவில் ஒன்று எனக்குத் தவறிவிடுகிறது. அதையே மெசேஜில் அனுப்பினால் மூன்றையும் விடாமல் முடித்துவிடுவேன்.’ என்ன நடக்கிறது, என்ன வேண்டும், அது கிடைத்தால் என்ன ஆகும் என்று மூன்றும் இதில் இருக்கின்றன. அவர் செய்ய வேண்டியதும் தெளிவாக இருக்கிறது.

இன்னும் சில:

‘கூட்டத்தில் பலரும் ஒரே நேரத்தில் பேசினால் உதட்டசைவை என்னால் தொடர முடியவில்லை. பேசுபவர் கை தூக்கிவிட்டுப் பேசினால் போதும்.’

‘இந்த அறிக்கை படமாக ஸ்கேன் செய்யப்பட்டிருப்பதால் என் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. வேர்டு கோப்பாக அனுப்ப முடியுமா?’

‘தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். நன்றி சொல்லலாம், மன்னிப்புக் கேட்க நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நேரமும் பார்த்துக் கேளுங்கள். தேர்வுக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று தேர்வு நாள் காலையில் கேட்டால், கொடுக்க விரும்புகிறவருக்கும் கையைப் பிசைவதைத் தவிர வழியிருக்காது.

பேசப் போனால் பதற்றத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

எழுதி எடுத்துக்கொண்டு போய் வாசியுங்கள். முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, ‘அதைப் பற்றித்தான் பேச வந்தேன்’ என்று மட்டும் சொல்லலாம். நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். அவர் உங்களுக்குப் பதிலாகப் பேசாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் வெளியிலேயே பேசிவையுங்கள்.

குறைபாட்டின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமா?

சின்ன மாற்றங்களுக்கு வேண்டியதில்லை. ‘எழுத்தில் தாருங்கள்’, ‘ஜன்னலுக்குத் தள்ளி உட்காருகிறேன்’ என்பதற்கெல்லாம் மருத்துவச் சான்றிதழ் எதற்கு? சட்டப்படி ஒரு வசதியைக் கோரும்போது பெரும்பாலும் ஆவணம் கேட்பார்கள். அப்போதும் அதைப் பார்க்க வேண்டியவர் அதற்குப் பொறுப்பானவர் மட்டும்தான், மொத்த அலுவலகமும் அல்ல. யாரிடம், எவ்வளவு என்பது உங்கள் முடிவு. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் ஒரு நாள் தள்ளி யோசிப்பதில் நஷ்டமில்லை. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வளர்ந்த பிள்ளையின் நிலையை உறவினர் கூடியிருக்கும்போது அவர் முன்னிலையிலேயே விவரிக்கும் பழக்கம் இருந்தால், இன்றே விட்டுவிடுங்கள்.

கேட்டேன், ‘முடியாது’ என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன?

முதலில் அது எந்த வகை ‘முடியாது’ என்று பிரித்துப் பாருங்கள். கேட்டது புரியாமல் சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்ன வழி ஒத்துவராமல், வேறு வழிக்கு அவர்கள் தயாராகவே இருக்கலாம். அல்லது மனமே இல்லாமல் இருக்கலாம். முதல் இரண்டுக்கும் ‘வேறு எப்படிச் செய்யலாம்?’ என்ற ஒரு கேள்வி கதவைத் திறக்கும். மூன்றாவதற்கு, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் எளிதாகச் சொன்ன மறுப்பை எழுத்தில் வைக்கச் சொன்னால் பலர் மறுபடி யோசிப்பார்கள். தேதி, சொன்னவர், சொன்னது மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த நிலையில் இருப்பவரிடம் போங்கள்.

ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டு 2008 மே 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை ஏற்ற நாடுகளுக்கு ஒரு கடமை உண்டு: எதிர்த்தரப்புக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகாத நியாயமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடு என்று கருத வேண்டும். உள்நாட்டுச் சட்டம் இதை எப்படிச் சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசுபவரிடம் பேச்சின் தொனியே மாறும்.

ஜூடித் ஹ்யூமனின் கதை இங்கே பொருந்தும். போலியோவால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். ஆசிரியர் உரிமம் கேட்டபோது, தீ விபத்து நேர்ந்தால் தன்னையும் மாணவர்களையும் எப்படி வெளியேற்றுவார் என்று காரணம் காட்டி நியூயார்க் நகரக் கல்வி வாரியம் மறுத்தது. 1970-இல் வழக்குத் தொடுத்தார். வாரியம் இறங்கி வந்தது, அவர் ஆசிரியர் ஆனார். ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதால் மறுப்பவர்களுக்கு அது மிகவும் பிடித்த சொல். யாருடைய பாதுகாப்பு, எந்த ஆபத்து, அதைக் குறைக்க என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்கப் பழகுங்கள்.

மாற்றுத்திறனாளி ஒருவர் தானே எடுக்கும் முடிவு தவறாகப் போய்விட்டால்?

சில முடிவுகள் தவறாகத்தான் போகும். நாம் வாங்கிய பயனற்ற பொருள்களையும், நம்பிக் கெட்ட மனிதர்களையும் எண்ணிப் பார்த்தால், அதற்காக நம்மிடமிருந்து முடிவெடுக்கும் உரிமையை யாரும் பறிக்கவில்லை என்பது தெரியும். ராபர்ட் பெர்ஸ்கே 1972-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இடர்களைச் சந்திக்கும் வாய்ப்பிலும் மனித கண்ணியம் இருக்கிறது என்று வாதிட்டார். அளவுக்கு மீறிக் காப்பாற்றுவதே ஒருவரைச் சிறுமைப்படுத்தும் என்பது அவர் கருத்து.

ஆகவே ஆபத்தை எடை போடுங்கள். கைச்செலவுப் பணம் முழுவதையும் முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டார் என்றால், மீதி வாரங்கள் அவருக்குச் சொல்லித்தரும். நடுவில் புகுந்து நிரப்பாதீர்கள். வீட்டை எழுதிக் கொடுக்கும் பத்திரம், கடன் ஒப்பந்தம், அறுவை சிகிச்சை போல மீள முடியாதவற்றில் பக்கத்திலேயே இருங்கள். அப்போதும் முடிவைக் கையில் எடுத்துக்கொள்வதற்கு முன்பு செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. எளிய சொற்களிலும் படங்களிலும் விளக்குவது. இரண்டு வழிகளின் விளைவுகளையும் நேரில் காட்டுவது. அவசரப்படுத்தாமல் இருப்பது. அவர் நம்பும் ஆளை அவரே தேர்ந்தெடுத்து ஆலோசனை கேட்க வைப்பது. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும், அதை விளக்கி 2014-இல் ஐ.நா. குழு வெளியிட்ட கருத்துரையும் இதைத்தான் வலியுறுத்துகின்றன: அவருக்குப் பதிலாக முடிவெடுப்பதை விட்டு, அவர் முடிவெடுக்கத் துணை நிற்பது. ‘அவருக்கு எது நல்லது?’ என்ற கேள்வியை நாம் உடனே கேட்டுவிடுகிறோம். ‘அவர் விருப்பம் என்ன?’ என்பது அதற்கு முன்பு வர வேண்டிய கேள்வி.

மகன் வீட்டில் அடங்காமல் போய்விடுவானே?

கொஞ்ச நாள் போவான். புதிதாகக் கிடைத்த ‘முடியாது’வை எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பான். வீட்டில் எல்லோருக்கும் உள்ள விதிகள் அவனுக்கும் உண்டு, அவனுக்கு மட்டும் என்று தனி விதி கிடையாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கடைப்பிடித்தால் போதும்.

நான் ஓர் ஆசிரியர். மாணவரின் கல்வித் திட்டத்தைப் பேசும் கூட்டத்தில் அவரையும் உட்கார வைக்க வேண்டுமா? சலிப்பில் எழுந்து போய்விடுவார்.

ஐந்து பெரியவர்கள் தன் குறைகளை வரிசையாக வாசிப்பதை முக்கால் மணி நேரம் கேட்கச் சொன்னால் யார்தான் எழுந்து போக மாட்டார்கள்?

கூட்டத்தை மாற்றுங்கள். முதல் ஆண்டு, வந்தவர்களை மாணவர் அறிமுகப்படுத்தினால் போதும். அடுத்த ஆண்டு, தனக்குப் பிடித்த இரண்டையும் கடினமான ஒன்றையும் படங்கள் வைத்துச் சொல்லட்டும். அதற்கடுத்து ஓர் இலக்கை அவரே முன்வைக்கட்டும். சில ஆண்டுகளில் கூட்டத்தை அவரே நடத்துவார். பேசவிருப்பதை முந்தைய நாளே அவரோடு ஒத்திகை பாருங்கள். ‘இடைவேளை வேண்டும்’ என்ற அட்டையைக் கையில் கொடுங்கள். ஒன்று மட்டும் கறாராக இருக்க வேண்டும்: அவர் சொன்ன ஏதாவது ஒன்று, சிறியதாக இருந்தாலும், அந்தக் கூட்டத்தின் முடிவில் எழுத்தில் இடம்பெற வேண்டும். பேசவைத்துப் படம் பிடித்துவிட்டு, ஏற்கனவே தட்டச்சு செய்த திட்டத்தில் கையெழுத்து வாங்குவதைவிட அவரைக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம்.

இதற்குப் பலன் உண்டா என்று நிர்வாகம் கேட்டால் சொல்லுங்கள்: மைக்கேல் வேமயரும் மிஷெல் ஷ்வார்ட்ஸும் 1997-இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், பள்ளியை விட்டு ஓராண்டு ஆன பிறகு, சுயமாக முடிவெடுக்கும் திறன் கூடுதலாக இருந்த மாணவர்களே வேலையிலும் அதிகம் இருந்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது அறிவுசார் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள இளைஞர்களை.

அம்மாவாக நான் எந்த இடத்தில் விலக வேண்டும்?

ஒரே நாளில் விலக வேண்டாம், சில நொடிகளில் ஆரம்பியுங்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைகளில் அளந்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது. பேச்சுக்கும் யோசனைக்கும் கூடுதல் நேரம் தேவைப்படும் பிள்ளைக்கு மூன்று நொடியும் போதாது. மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். மருத்துவர் கேள்வி கேட்டதும் உங்கள் வாய் தானாகத் திறக்கும் பாருங்கள், அங்கேதான் எண்ண வேண்டும். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் பிள்ளையின் முகத்தையே பாருங்கள், மருத்துவரைப் பார்க்காதீர்கள். அடுத்தடுத்த முறைகளில் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போடுங்கள். பிறகு ஒரு நாள் வெளியே காத்திருங்கள்.

நீங்கள் இதுவரை போராடியது வீணில்லை. பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எட் ராபர்ட்ஸுக்கு, உடற்கல்வியும் வாகனம் ஓட்டும் பாடமும் முடிக்கவில்லை என்று சொல்லிப் பள்ளிச் சான்றிதழைத் தர மறுத்தார்கள். அவர் தாய் ஜோனா பள்ளி வாரியம்வரை போய் வாங்கினார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த மகன், 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கே தனக்கான போராட்டங்களைத் தானே நடத்தினார். 1972-இல் அங்கு உருவான தற்சார்பு வாழ்வு மையத்தின் முன்னோடிகளில் ஒருவரும் அவர்தான். அடுத்த மனுவைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள், அதற்கடுத்ததை அவர் எழுதட்டும், நீங்கள் எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள்.

இதற்கென்று குழுக்கள் இருக்கின்றன என்கிறார்கள். சேர்வதால் என்ன பயன்?

தனியாகக் கேட்கும்போது ‘உனக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை’ என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் அந்தப் பதில் செல்லாது. இந்த இயக்கமே அப்படித்தான் பிறந்தது. 1960-களின் இறுதியில் சுவீடனில் பெங்ட் நிர்யே போன்றோர், அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்கள் தாங்களே கூடித் தங்கள் ஓய்வு நேரத்தைத் திட்டமிட வழி செய்தார்கள். 1970-இல் மால்மோ நகரில் அவர்கள் நடத்திய மாநாட்டில், வேலை, வீடு, ஓய்வு பற்றியெல்லாம் கோரிக்கைகள் வைத்தார்கள். ஊருக்குள் எங்களைப் பெரிய கூட்டமாக அழைத்துப் போகாதீர்கள் என்பது அவற்றில் ஒன்று. அக்கறையோடு அழைத்துச் சென்றவர்களில் எவருக்கும் இது தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். 1974-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், குறைபாட்டுக்கு முன்பு தாங்கள் மனிதர்கள் என்று சொல்லி ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ (முதலில் மனிதர்கள்) என்ற இன்னொரு குழு எழுந்தது. அதன் பெயரில் பல நாடுகளில் கிளைகள் தோன்றின.

சேரும் முன்பு, குழுவின் தலைவர் யார், நிகழ்ச்சி நிரலை எழுதுவது யார், பணத்தைக் கையாள்வது யார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் ‘எங்கள் ஒருங்கிணைப்பாளர்’ என்றால், அது நல்ல பொழுதுபோக்குக் குழுவாக இருக்கலாம், தனக்காகப் பேசும் குழு அல்ல.

எனக்கு இத்துறையோடு தொடர்பில்லை. கவுண்டரில் வேலை பார்க்கிறேன். இப்படி ஒருவர் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

அவரிடமே பேசுங்கள். ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்று கூட வந்தவரைக் கேட்காதீர்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் பார்வை வந்தவர் மீதே இருக்கட்டும். குழந்தையிடம் பேசும் குரல் வேண்டாம். கேள்வி ஒவ்வொன்றாக வரட்டும். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். உதவ நினைத்தால் முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சக்கர நாற்காலியையும் வெள்ளைக் கோலையும் கேட்காமல் தொடக்கூடாது.

பேச்சு புரியவில்லை என்றால் புரிந்ததுபோல் தலையாட்ட வேண்டாம். அது உடனே தெரிந்துவிடும். ‘புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாதி புரிந்திருந்தால் அந்தப் பாதியைச் சொல்லிக்காட்டி, மீதியை மட்டும் கேளுங்கள். முழுவதையும் திரும்பச் சொல்ல வைப்பது அவருக்குக் கடும் உழைப்பு. அப்படியும் முடியாவிட்டால் எழுதலாமா, போனில் தட்டச்சு செய்யலாமா, கையால் காட்டலாமா என்று கேளுங்கள். எது வசதி என்று அவர் சொல்வார்.